பொதுக் குடியிருப்பை இடித்த பிறகு யார் திரும்பி வந்தார்கள்? – கேள்வி பதில்

அரசு ஏழைகளுக்காகக் கட்டிய தொடர்மாடிகளை இடித்துவிட்டு, அதே நிலத்தில் வறியவர்களும் நடுத்தர வருமானத்தினரும் அருகருகே வாழும் குடியிருப்புகளை அமைத்த அமெரிக்க முயற்சியைப் பற்றி, மட்டக்களப்பு, அம்பாறை மாவட்ட வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். வீடமைப்புத் திட்டமிடலே என் துறை.

மட்டக்களப்பு நகர்: ஐயா, இருந்த வீடுகளைத் திருத்தாமல் ஏன் இடித்தார்கள்?

1989இல் அமெரிக்கக் காங்கிரஸ் நியமித்த ஆணைக்குழு, ஏறத்தாழ 86,000 பொதுக் குடியிருப்பு வீடுகள் மிக மோசமாகச் சிதைந்துள்ளன என்று 1992இல் அறிக்கையிட்டது. அது மொத்த வீடுகளில் சுமார் 6 சதவீதமே. அந்த அறிக்கையைத் தொடர்ந்து வந்த ‘ஹோப் சிக்ஸ்’ திட்டம், வறுமை ஒரே இடத்தில் குவிந்திருப்பதே நோயின் வேர் என்று கருதியது; ஆகவே கட்டடத்தைத் திருத்துவதை விட, குடியிருப்பின் வருமான அமைப்பையே மாற்ற முனைந்தது. சில வீடுகள் பழைய பொதுக் குடியிருப்பு வாடகைக்கும், சில கட்டுபவர்களுக்கு அளித்த வரிச்சலுகையால் குறைந்த வாடகைக்கும், மற்றவை சந்தை விலைக்கும் ஒதுக்கப்பட்டன.

கல்லடி: அங்கே வாழ்ந்தவர்கள் எல்லோரும் புதிய வீடுகளுக்குத் திரும்பினார்களா?

இல்லை. பெரும்பாலான இடங்களில் சிறு பகுதியினரே திரும்பினார்கள். இடிக்கும் ஒவ்வொரு வீட்டுக்கும் ஈடாக ஒரு வீடு கட்ட வேண்டும் என்ற சட்ட விதி 1995இல் இடைநிறுத்தப்பட்டு, 1998இல் முற்றாக நீக்கப்பட்டது. அதன் பின் புதிய இடத்தில் வறியவர்களுக்கான வீடுகளின் எண்ணிக்கை இயல்பாகவே குறைந்தது. கட்டுமானம் ஆண்டுக்கணக்கில் நீண்டதால் பிள்ளைகள் வேறு பாடசாலைகளில் சேர்ந்தார்கள், குடும்பங்கள் வேறிடங்களில் வேரூன்றின. திரும்ப விரும்பியவர்களிடமும் கடன் வரலாறு, குற்றப் பதிவு, வேலை நேரம் ஆகியவை சோதிக்கப்பட்டன. வெளியேறியவர்களுக்கு வழங்கப்பட்ட வாடகைச் சீட்டின்படி குடும்பம் தன் வருமானத்தில் சுமார் 30 சதவீதத்தைச் செலுத்த, எஞ்சியதை அரசு கொடுக்கும். ஆனால் அந்தச் சீட்டை ஏற்க மறுத்த வீட்டு உரிமையாளர்கள் பலர் இருந்தார்கள்.

சிக்காகோ 2000ஆம் ஆண்டில் தொடங்கிய மாற்றத் திட்டத்தைக் கவனியுங்கள். அந்நகரில் அப்போது ஏறத்தாழ 38,000 பொதுக் குடியிருப்பு வீடுகள் இருந்தன. ஆட்கள் இல்லாமல் கிடந்தவற்றைக் கணக்கிலிருந்து நீக்கி, 25,000 வீடுகளையே புதுக்கவும் கட்டவும் வாக்களித்தார்கள். பத்தாண்டு என்று சொன்ன காலம் நீண்டுகொண்டே போனது. ஆகவே எந்தத் திட்டம் பற்றிப் பேசினாலும் இரண்டு எண்களை மட்டும் முதலில் கேளுங்கள்: எத்தனை வீடுகள் இடிக்கப்படுகின்றன, அதே வாடகைக்கு எத்தனை வீடுகள் திரும்பக் கட்டப்படுகின்றன? 2004 ஆழிப்பேரலைக்குப் பின் நாவலடியிலிருந்து திராய்மடுவுக்குச் சென்ற கடற்றொழிலாளர் குடும்பங்களை அறிந்த நமக்கு, வீடு கிடைத்தாலும் தொழிலிடம் தூரமாகிவிடும் துன்பத்தை எவரும் விளக்க வேண்டியதில்லை.

அக்கரைப்பற்று: ஆழிப்பேரலையில் வீடிழந்தவர்களுக்காக இங்கே கட்டிய நுரைச்சோலை வீட்டுத்திட்டத்தை இனவிகிதப்படி பங்கிடுவதும் கலப்புக் குடியிருப்புத்தானே?

இல்லை. இங்கே பேசப்படுவது வருமானக் கலப்பு. இனக் கலப்புக்கு ஒப்பீடு வேண்டுமானால், சிங்கப்பூர் 1989இல் கொண்டுவந்த இன ஒதுக்கீட்டு விதியைப் பாருங்கள். நுரைச்சோலை வீடுகளை யாருக்குக் கொடுப்பது என்று நடந்த வழக்கைப் பற்றி ஒரு சட்டத்தரணியிடம் கேட்பதே முறை.

கல்முனை: ஏழைகளை மாடியில் ஏற்றியதே தவறு. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் இடிக்கப்பட்ட புரூட்–ஐகோ தொடர்மாடிகள் அதற்குச் சான்று அல்லவா?

இந்த வாதத்தை நான் ஏற்கவில்லை. பதினொரு மாடிகள் கொண்ட 33 கட்டடங்கள் 1950களின் நடுவில் கட்டி முடிக்கப்பட்டு, 1972இல் இடிக்கத் தொடங்கப்பட்டன என்பது உண்மை. ஆனால் அந்த நகரத்தின் மக்கள்தொகை 1950இல் சுமார் 8,57,000 ஆக இருந்து 1970இல் சுமார் 6,22,000 ஆகச் சரிந்தது. பராமரிப்புச் செலவை வாடகையிலிருந்தே ஈடுசெய்ய வேண்டும் என்பது அன்றைய விதி. வீடுகள் காலியாகக் காலியாக வருமானம் வற்றியது, திருத்த வேலைகள் நின்றன, எஞ்சியிருந்த ஏழைகள் மீது வாடகை உயர்த்தப்பட்டது. 1969இல் குடியிருப்பாளர்கள் வாடகை கொடுக்க மறுத்துப் போராடினார்கள். சிங்கப்பூர் மக்களில் பெரும்பாலோர் இன்றும் அரசு கட்டிய உயர்மாடிகளில்தான் நலமாக வாழ்கிறார்கள்.

மீண்டும் கல்முனை: அப்படியானால் வடிவமைப்புக்குப் பங்கே இல்லையா? லிப்ட் எல்லா மாடிகளிலும் நிற்காதாமே.

1, 4, 7, 10ஆம் மாடிகளில் மட்டுமே அது நின்றது. மற்ற மாடிகளுக்குப் படியேற வேண்டியிருந்தது. அந்தப் படிக்கட்டுகளிலும் நடைகூடங்களிலும் வழிப்பறி நடந்தது. செலவைக் குறைக்க எடுத்த முடிவு மக்களின் பாதுகாப்பைத் தின்றது என்பதை மறுக்க மாட்டேன். இருந்தாலும் பழுதான லிப்டைத் திருத்தப் பணம் இல்லாத இடத்தில், நான்கு மாடிக் கட்டடமும் நாளடைவில் சிதைந்தே போகும்.

ஆரையம்பதி: சிங்கப்பூரில் வாழ்பவர்கள் வீட்டை வாங்கியவர்கள், அமெரிக்காவில் வாடகைக்காரர்கள். ஒப்பிடலாமா?

நல்ல மறுப்பு. ஆனால் அது என் கருத்துக்கே வலுச் சேர்க்கிறது. வேறுபாட்டை உயரத்தில் தேடாமல், பராமரிப்புக்கு யார் பணம் தருகிறார்கள் என்பதில் தேட வேண்டும். வாடகைக்காரர் என்பதால் ஒருவர் தன் வீட்டைச் சிதைப்பதில்லை. சிதைந்தபோது திருத்தித் தரும்படி கேட்கும் வலிமைதான் அவருக்கு இருப்பதில்லை. இத்துடன் மாடி விவாதத்தை நிறுத்திக்கொள்வோம்.

களுவாஞ்சிக்குடி: பழைய குடியிருப்பாளர்களுக்கு என்ன ஆயிற்று?

கல்லடி வாசகருக்கு எழுதியதைப் படியுங்கள்.

காத்தான்குடி: வசதியானவர்கள் அருகில் வாழ்ந்தால் ஏழைப் பிள்ளைகள் முன்னேறுவார்களா?

இரண்டு விடயங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். 1994இல் தொடங்கி ஐந்து நகரங்களில் நடந்த ஒரு பரிசோதனையில், வறுமை குறைந்த பகுதிகளுக்குச் செல்லச் சில குடும்பங்களுக்கு வாடகைச் சீட்டு கொடுத்தார்கள். 13 வயதுக்கு முன் இடம்பெயர்ந்த பிள்ளைகள், இருபதுகளின் நடுவில், மற்றவர்களை விட ஏறத்தாழ 31 சதவீதம் கூடுதலாக உழைத்தார்கள் என்பது பின்னர் தெரியவந்தது. பெற்றோரின் வருமானத்தில் அப்படி உயர்வு காணப்படவில்லை, வயது கூடிய பிள்ளைகளுக்கும் பயன் கிட்டவில்லை. அது வேறு பகுதிக்குச் சென்றவர்களின் கதை. பழைய இடத்தில் கட்டிய புதிய குடியிருப்புகளில் அயலவர்கள் வணக்கம் சொல்லிக்கொள்வதற்கு மேல் நெருங்கவில்லை என்று ஆய்வாளர்கள் பலமுறை எழுதியுள்ளார்கள். அங்கு கிடைத்த பயன் பெரும்பாலும் பாதுகாப்பும் பராமரிப்புமே.

செங்கலடி: என் வீட்டுச் சுவர் வெடித்திருக்கிறது, யாரிடம் காட்டுவது?

ஒரு கட்டடப் பொறியியலாளரிடம்.

ஏறாவூர்: வெளியேறியவர்கள் திரும்பி வந்தார்களா? வரலாம் என்று அதிகாரிகள் வாய்மொழியாகச் சொன்னால் போதாதா?

முதற்பகுதிக்கு ஏற்கெனவே பதில் சொல்லிவிட்டேன். தயவுசெய்து மேலே உள்ளவற்றைப் படித்துவிட்டுக் கேளுங்கள். இரண்டாம் பகுதிக்குப் பதில்: போதாது. சிக்காகோவில் 1999 ஒக்டோபர் 1ஆம் திகதி வாடகை ஒப்பந்தம் வைத்திருந்த குடும்பங்களுக்கு மட்டும் திரும்பும் உரிமை எழுத்தில் தரப்பட்டது. அந்த ஒப்பந்தத்தில் பெயர் இல்லாமல் உறவினர் வீட்டில் தங்கியிருந்தவர்களுக்கு அந்த உரிமை கிடைக்கவில்லை. வீட்டைக் காலி செய்வதற்கு முன்பே, குடும்பத்தில் உள்ள ஒவ்வொருவருடைய பெயரும் திகதியிட்ட பத்திரத்தில் இருக்கிறதா என்று பார்த்து, பிரதி ஒன்றைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள்.