எட்டுச் சேனல் என்றால் எட்டு டிராக் ஆகுமா? – பயனீட்டாளர் கேள்வி-பதில்

கேள்வி: நாங்கள் ஐவர் கொண்ட இசைக்குழு. வீட்டிலேயே பாடல் பதிவு செய்ய வேண்டும் என்று கடைக்காரரிடம் வாட்ஸ்அப்பில் சொல்லி, 780 மலேசிய வெள்ளிக்கு ‘எட்டுச் சேனல் யுஎஸ்பி மிக்சர்’ வாங்கினோம். கணினியில் எல்லாம் ஒன்றாகக் கலந்தே பதிவாகின்றன. உருமியைக் குறைத்தால் பாடகரின் குரலும் குறைகிறது. கருவியில் பழுதில்லை என்று கூறிக் கடைக்காரர் திரும்பப் பெற மறுக்கிறார். (செந்தூல்)

பதில்: கருவியில் பழுதில்லை, உங்களிடம் சொல்லி விற்ற பேச்சில்தான் பழுது. விலை குறைந்த யுஎஸ்பி மிக்சர்களில் பல, எத்தனை மைக்குகளைச் செருகினாலும், அனைத்தையும் உள்ளேயே கலந்து இடம், வலம் என இரண்டே சேனல்களாகக் கணினிக்கு அனுப்புகின்றன; கணினியில் தனித்தனியாகப் பதிவாகும் ஒலித்தடங்களும், அதாவது டிராக்குகளும், இரண்டுதான். பெட்டியின் முகப்பில் ‘8’ கொட்டை எழுத்தில் இருக்கும்; ‘யுஎஸ்பி: 2 உள்ளீடு, 2 வெளியீடு’ என்பதோ கையேட்டின் கடைசிப் பக்கத்தில், எடைக்கும் மின்னழுத்தத்துக்கும் இடையே பொடி எழுத்தில் ஒளிந்திருக்கும். இதே பேச்சை நம்பி நான் வாங்கிய மிக்சர் ஒன்றும் பதிவுக்கு உதவாமல் அலமாரியில் கிடக்கிறது. ஒரே நிறுவனத்தின் ஒரே வரிசையில்கூட வேறுபாடு உண்டு: பெரிங்கர் எக்ஸ்ஆர்18 மிக்சர் 18 சேனல்களையும் தனித்தனியாகக் கணினிக்கு அனுப்பும், அதன் தம்பிகளான எக்ஸ்ஆர்12, எக்ஸ்ஆர்16 ஆகியவற்றில் அந்த வசதி இல்லை. ஆகவே முகப்பில் உள்ள துளைகளை எண்ணாமல், கணினிக்குத் தனித்தனியாகச் செல்லும் சேனல்கள் எத்தனை என்று எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும்.

நீங்கள் ஏமாற்றத்தோடு ஒதுங்கிவிட வேண்டாம். மலேசியாவின் 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, பொருள் அதன் விவரிப்புக்கும், நீங்கள் கடைக்காரரிடம் தெரிவித்த நோக்கத்துக்கும் பொருந்த வேண்டும். ரசீதையும் வாட்ஸ்அப் உரையாடலையும் எடுத்துக்கொண்டு பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் மனுச் செய்யுங்கள். கட்டணம் 5 வெள்ளி, 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை மூன்று ஆண்டுகளுக்குள் கொண்டுசெல்லலாம், வழக்கறிஞர் தேவையில்லை.

கேள்வி: புதிய கண்டென்சர் மைக்கில் ஒலியே வரவில்லை. (பட்டர்வொர்த்)

பதில்: மைக்கைச் செருகிய கருவியில் உள்ள ‘48வி’ பொத்தானை அழுத்துங்கள்; கண்டென்சர் மைக்குக்கு மின்சாரம் தருவது அதுதான்.

கேள்வி: பாடும்போது என் குரல் ஹெட்ஃபோனில் தாமதமாகக் கேட்கிறது. புதிய கணினி வாங்கட்டுமா? (பிரிக்பீல்ட்ஸ்)

பதில்: வேண்டாம். பதிவு மென்பொருளில் பஃபர் அளவை, அதாவது கணினி ஒரு தடவைக்குச் சேர்த்துவைத்துக் கையாளும் ஒலித்துணுக்குகளின் எண்ணிக்கையைப் பாருங்கள். 48,000 ஹெர்ட்ஸ் பதிவில் 1024 என்று இருந்தால் ஒரு வழிக்கே ஏறத்தாழ 21 மில்லி விநாடி தாமதம் ஏற்படும். 128 ஆக்கினால் அது மூன்றுக்கும் கீழே இறங்கும். மைக்கைக் கணினியோடு இணைக்கும் கருவியான இண்டர்ஃபேசில், குரலைக் கணினிக்குப் போகாமலே ஹெட்ஃபோனுக்குத் தரும் நேரடிக் கேட்புப் பொத்தான் இருந்தால் அதுவே போதும். அப்போது மென்பொருள் வழியாக வரும் குரலை மட்டும் நிறுத்திவிடுங்கள்.

கேள்வி: மலிவாகக் கிடைத்ததால் இரண்டு உள்ளீட்டு இண்டர்ஃபேஸ்கள் இரண்டை வாங்கிவிட்டேன். விண்டோஸ் கணினியில் இரண்டையும் சேர்த்து நான்கு டிராக் பதிவு செய்ய முடியவில்லை. பெட்டிகளையும் வீசிவிட்டேன். (ஆயர் ஈத்தாம்)

பதில்: வாங்கிய பிறகு கேட்பதை வாங்கும் முன் கேட்டிருக்க வேண்டும். விண்டோஸில் ஒலிப்பதிவுக் கருவிகளை மென்பொருளோடு இணைக்கும் ஏசியோ முறையில், மென்பொருள் பொதுவாக ஒரு நேரத்தில் ஒரே கருவியைத்தான் ஏற்கும். எப்படியோ இணைத்தாலும், இரண்டின் உள்கடிகாரங்களும் தனித்தனியே ஓடுவதால் பாடல் நீள நீளத் தாளம் விலகும். இதில் கடைக்காரரின் குற்றம் எதுவுமில்லை. இரண்டையும் விற்றுவிட்டு, நான்கு மைக் உள்ளீடுகள் கொண்ட ஒரே கருவியை வாங்குங்கள்.

கேள்வி: அடுக்குமாடி வீட்டில் ட்ரம்ஸ் பதிவு செய்கிறோம். சுவரில் ஸ்பாஞ்சு ஒட்டினால் பக்கத்து வீட்டுக்குச் சத்தம் கேட்காதுதானே? (செராஸ்)

பதில்: கேட்கும். ஸ்பாஞ்சு அறைக்குள் எதிரொலியைக் குறைக்குமே தவிர, சுவரைத் தாண்டும் சத்தத்தை நிறுத்தாது. அந்தப் பணத்தில் ஸ்டூடியோ ஒன்றைச் சில மணி நேரம் வாடகைக்கு எடுத்து ட்ரம்ஸை அங்கே பதிவு செய்யுங்கள். மற்றவற்றை வீட்டில் சேர்த்துக்கொள்ளலாம்.