மரத்தில் கொரில்லா இடம் மாறினால் பணம் கட்டித் திருத்த வேண்டுமா?

கேள்வி: என் மகள் உயிரியல் இளநிலை இறுதியாண்டு படிக்கிறாள். மனிதன், சிம்பன்ஸி, கொரில்லா மூன்றிலும் உள்ள ஒரு மரபணுவை, மரபணு வரிசைகளைச் சேமித்து வைக்கும் ஜென்பேங்க் தளத்திலிருந்து எடுத்து, மெகா மென்பொருளில் பரிணாம மரம் (எது எதற்கு நெருங்கிய உறவு என்று காட்டும் கிளைப்படம்) போட்டாள். மனிதனுக்குப் பக்கத்தில் சிம்பன்ஸி வராமல் கொரில்லா வந்துவிட்டது. வழிகாட்டி ஆசிரியர் “தப்பு, சரிசெய்து கொண்டு வா” என்கிறார். ஒரு புராஜெக்ட் சென்டர், “டேட்டா சரியில்லை, பணம் கட்டினால் சரியான மரம் போட்டு, ஆய்விதழிலும் வெளியிட்டுத் தருகிறோம்” என்கிறது. கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள். அந்த மரம் தப்பாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை.

முதலில் மகளிடம் ஒன்று கேளுங்கள். அந்த மூன்றோடு ஒராங்குட்டானையோ ரீசஸ் குரங்கையோ சேர்த்தாளா? வெறும் மூன்று இனங்களை இணைக்க ஒரே வழிதான் உண்டு. அதில் வேர், அதாவது எல்லாவற்றுக்கும் பொதுவான மூதாதை நிற்கும் இடம், எங்கே என்று மென்பொருளுக்குத் தெரியாது. ஏதோ ஓர் இடத்தில் வைத்துப் படம் வரைந்துவிடும். அதைப் பார்த்துவிட்டு நாம் பதறுகிறோம். மூன்றுக்குமே தூரத்து உறவு என்று ஏற்கெனவே உறுதியான நான்காவது ஓர் இனத்தைச் சேர்த்து, அந்தப் பக்கம் வேரை வைக்கச் சொல்லுங்கள். பல சமயம் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும். மெகாவும் இலவசம், ஜென்பேங்கும் இலவசம்.

சரி, சேர்த்த பிறகும் கொரில்லாதான் பக்கத்தில் நிற்கிறது என்றால்? இதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் உங்கள் மகளைப் பயமுறுத்தியது இதுவாகவே இருக்கலாம். கொரில்லாவின் முழு மரபணுத்தொகுப்பு 2012-இல் வெளியானது. அதில் தெரிந்த விஷயம்: நம் மரபணுத்தொகுப்பில் சுமார் 15 சதவீதம் சிம்பன்ஸியைவிடக் கொரில்லாவுக்கு நெருக்கம். கிட்டத்தட்ட அதே அளவு பகுதியில் சிம்பன்ஸியும் கொரில்லாவும் நெருக்கம், நாம்தான் தள்ளி நிற்கிறோம். மீதி 70 சதவீதத்தில்தான் பாடப்புத்தகம் சொல்லும் உறவு வருகிறது.

காரணம் இதுதான். அந்த ஆய்வின் கணக்குப்படி கொரில்லா வழி பிரிந்தது சுமார் 1 கோடி ஆண்டுகளுக்கு முன்பு. மனிதனும் சிம்பன்ஸியும் பிரிந்தது சுமார் 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு. பரிணாமக் கணக்கில் இது பெரிய இடைவெளி இல்லை. பழைய மூதாதைக் கூட்டத்தில் ஒரே மரபணுவுக்கு அ, ஆ என்று இரண்டு வடிவங்கள் இருந்ததாக வையுங்கள். கொரில்லா பிரிந்துபோய் அதில் அ மட்டும் நிலைத்தது. மற்ற கிளையில் இரண்டும் தொடர்ந்து புழங்கின. ஒன்று மறைவதற்குள் அந்தக் கிளையும் பிரிந்துவிட்டது. மனிதனில் அ தங்கியது, சிம்பன்ஸியில் ஆ தங்கியது. இன்று அந்த ஒரு மரபணுவை மட்டும் கேட்டால், மனிதனுக்குச் சொந்தம் கொரில்லா என்றுதான் சொல்லும். அது பொய் இல்லை. அந்த மரபணுவின் வரலாறு அப்படி, இனத்தின் வரலாறு வேறு. கிளை எவ்வளவு உறுதி என்று மென்பொருள் நூற்றுக்குப் போடும் எண் 98 என்று வந்தாலும், அந்த மரபணுவின் கதை உறுதி என்று மட்டுமே அர்த்தம்.

எந்த மரபணு என்று நீங்கள் எழுதவில்லை. எச்.எல்.ஏ. போன்ற நோய் எதிர்ப்பு மரபணு என்றால் உடனே மாற்றச் சொல்லுங்கள். அவற்றில் பழைய வடிவங்கள் இனம் தாண்டி நீடிக்கும். ஏ, பி ரத்தவகை வேறுபாடே குறைந்தது 2 கோடி ஆண்டுகளாக மனிதனிலும் கிப்பன் என்ற வாலில்லாக் குரங்கிலும் பொதுவாக வருகிறது என்று 2012-இல் ஓர் ஆய்வு காட்டியது. உறவு தேட இது ஆகாது.

அப்புறம் என்ன செய்வது? வெவ்வேறு குரோமோசோம்களிலிருந்து ஓர் இருபது மரபணுக்களை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக மரம் போட்டு எண்ணச் சொல்லுங்கள். பெரும்பாலானவை மனிதன்–சிம்பன்ஸி என்று வரும், மற்ற இரண்டு வகையும் கொஞ்சம் கொஞ்சம் வரும். மைட்டோகாண்ட்ரியாவில் 37 மரபணுக்கள் இருக்கின்றனவே என்று அங்கேயே அள்ளிக்கொள்ளக் கூடாது. அவை எல்லாம் தாய்வழியில் ஒரே கட்டாக வருபவை. 37-ஐ எடுத்தாலும் ஒரு சாட்சிதான்.

இப்போது அந்த சென்டர் விஷயம். ‘சரியான மரம்’ எப்படி வரும் என்று நினைக்கிறீர்கள்? எதிர்பார்த்த படம் வரும்வரை மரபணுவை மாற்றுவார்கள், பிடிக்காத பகுதியை வெட்டுவார்கள், சில இடங்களில் ரெடியாக வைத்திருக்கும் பழைய படத்தையே ஒட்டித் தருவார்கள். வாய்மொழித் தேர்வில் “இந்த வரிசையின் அணுகல் எண் (ஜென்பேங்க் ஒவ்வொரு வரிசைக்கும் தரும் அடையாள எண்) என்ன?” என்று ஒருவர் கேட்டால் உங்கள் மகள்தான் முழிப்பாள், சென்டர்காரர் வரமாட்டார். ஆய்விதழ் என்று சொல்வதும் பெரும்பாலும் பணம் கட்டியவர் கட்டுரையைப் படிக்காமலே ஏற்கும் ரகம். அதில் ஏறிய பெயரைப் பிறகு அழிக்க முடியாது. ஒரு பருவத்துக்குள் ஆய்வை முடி, கூடவே வெளியீட்டுச் சான்றிதழும் கொண்டு வா என்று மதிப்பெண் வைத்தால், இந்தக் கடைகள் முளைக்காமல் என்ன செய்யும்? மாணவிக்கு வேரை எப்படி வைப்பது என்று யாரும் அரை மணி நேரம் உட்கார்ந்து சொல்லித் தந்திருக்க மாட்டார்கள், ஆனால் கையெழுத்துப் போட மட்டும் படிவம் தயாராக இருக்கும்.

இன்னொன்று. மனிதனின் 2-ஆம் குரோமோசோம் இரண்டு பழைய குரோமோசோம்கள் ஒட்டி உருவானது என்பதை, ‘சிம்பன்ஸிதான் நெருங்கிய உறவு’ என்பதற்கு ஆதாரமாகப் பல ப்ராஜெக்ட்டுகளில் எழுதுகிறார்கள். சிம்பன்ஸி, கொரில்லா, ஒராங்குட்டான் எல்லாவற்றுக்குமே 48 குரோமோசோம்கள். ஒட்டியது நம் வழியில் மட்டும். ஆகவே பொது மூதாதைக்கு அது நல்ல ஆதாரம், இவற்றில் யார் நெருக்கம் என்பதற்கு இல்லை. மகள் எழுதியிருந்தால் எடுத்துவிடட்டும்.

வழிகாட்டி அப்போதும் ஒப்பவில்லை என்றால் பழைய மரத்தை அழிக்க வேண்டாம். நான்காவது இனம் சேர்த்த மரம், இருபது மரபணுக் கணக்கு, எல்லா அணுகல் எண்களும் அடங்கிய ஒரு பக்கம், இவற்றோடு அந்த முதல் மரத்தையும் அறிக்கையில் வைத்து, ஏன் அப்படி வந்தது என்று இரண்டு பத்தி எழுதச் சொல்லுங்கள். தேர்வாளர் கேள்வி கேட்டால் அந்தப் பக்கத்தைத்தான் கேட்பார்.