மொறிஸ் மைனர் கார்களில் எத்தனை வகை? வெளியில் பார்த்தே எந்த ஆண்டு என்று சொல்ல முடியுமா?

தொழிற்சாலையிலிருந்து வந்த நிலையிலேயே இருந்தால் முன் கண்ணாடி, ஹெட்லைட், சிக்னல் இந்த மூன்றையும் வைத்து ஓரளவு சொல்லிவிடலாம். அப்படி ஒரு காரை யாழ்ப்பாணத்தில் நான் இதுவரை பார்த்ததில்லை. எங்கள் அப்பப்பாவின் காரும் அப்படி இல்லை. அந்தக் கதைக்குக் கடைசியில் வருகிறேன்.

பிரிட்டனின் மொறிஸ் கம்பனி 1948இல் கொண்டுவந்த முதல் வகைக்கு சீரீஸ் எம்எம் என்று பெயர். 918 சிசி சைட் வால்வ் எஞ்சின், அதாவது வால்வுகள் சிலிண்டருக்குப் பக்கத்தில் இருக்கும் வகை. அது போருக்கு முந்திய மொறிஸ் எய்ட் காரிலிருந்து வந்த பழைய சரக்கு. முன் கண்ணாடி நடுவில் பிரிந்து இரண்டு துண்டாக இருக்கும். ஹெட்லைட்டுகள் முன்புறக் கம்பித் தட்டியான கிரில்லை ஒட்டித் தாழ்வாக இருக்கும். அமெரிக்க விதிகளுக்கு அந்த உயரம் போதவில்லை. அதனால் மட்காட்டின் மேல் பகுதிக்கு ஏற்றினார்கள். 1951க்குள் எல்லாக் கார்களுக்கும் அதுவே ஆகிவிட்டது. தாழ்ந்த ஹெட்லைட் மைனர் கிடைத்தால் விற்காதீர்கள்.

எனக்கு மிகவும் பிடித்த அடையாளம் பொனட்டின் நடுவே ஓடும் தட்டையான பட்டை. கார் கிட்டத்தட்ட தயாரான பிறகு, அகலம் போதவில்லை என்று வடிவமைப்பாளர் அலெக் இசிகோனிசுக்குத் தோன்றியது. மாதிரிக் காரை நீளவாக்கில் இரண்டாக அறுத்து, பாதிகளைத் தள்ளித் தள்ளி வைத்துப் பார்த்தாராம். நான்கு அங்குலம் கூட்டியதும்தான் திருப்தி. ஆனால் பம்பர்கள் அதற்குள் செய்து முடிந்திருந்தன. அவற்றையும் வெட்டி நடுவில் ஒரு துண்டை வைத்துப் பூட்டினார்கள். அதனால் தொடக்க காலக் கார்களின் பம்பரில் அந்த ஒட்டு தெரியும். பொனட் பட்டை மட்டும் கடைசி வரை போகவில்லை.

1952இல் ஆஸ்டின் என்ற இன்னொரு பிரிட்டிஷ் கார் கம்பனியும் மொறிசும் ஒன்றாகி பிஎம்சி (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) ஆயின. உடனே, அதுவரை போட்டியாக இருந்த ஆஸ்டினின் 803 சிசி எஞ்சின் மைனருக்குள் வந்தது. இதுதான் சீரீஸ் 2. சிசி குறைந்தது, குதிரைத்திறன் கொஞ்சம் கூடியது. ஆனாலும் நான் ஓட்டியதில் இதுதான் அலுப்பான மைனர். மேட்டில் மூன்றாம் கியருக்கும் இரண்டாம் கியருக்கும் நடுவில் தவிக்கும். 1954 இறுதியில் கிரில்லுக்குக் கிடைக்கம்பிகள் வந்தன, ஸ்பீடோமீட்டர் டாஷ்போர்டின் நடுவுக்குப் போனது. இரண்டு துண்டுக் கண்ணாடி, கிடைக்கம்பிக் கிரில் இரண்டும் சேர்ந்திருந்தால் 1954 முதல் 1956 வரை என்று கொள்ளலாம்.

1956இல்தான் மைனர் 1000. 948 சிசி, ஒரே வளைந்த முன் கண்ணாடி, பெரிய பின் கண்ணாடி. வண்டிக்கு உயிர் வந்ததே இதில்தான். 1961இல், கதவுத்தூணிலிருந்து எழும்பும் கை சிக்னலை எடுத்துவிட்டு மினுங்கும் சிக்னல் வைத்தார்கள். அடுத்த ஆண்டு 1098 சிசி எஞ்சினும் பெரிய முன் பிரேக்கும். இன்று ஓட்டுவதற்கென்று வாங்குபவர் இந்த 1098ஐத்தான் தேடவேண்டும்.

உடல் வகைகள் தனிக் கணக்கு. இரண்டு கதவு, நான்கு கதவு, துணிக்கூரை, வேன், பிக்கப், அப்புறம் டிரவலர். டிரவலரின் பின்புறத்தில் தெரியும் மரச்சட்டத்தை அலங்காரம் என்று நினைத்துவிடாதீர்கள். அது ஆஷ் மரம். பின்பாதியைத் தாங்குவதே அதுதான். மரம் உக்கினால் வண்டி உக்கியது போலத்தான். வேன்களில் ஒரு வேடிக்கை: பிரிட்டிஷ் தபால் துறைக்குப் போன ஆரம்ப கால வேன்களுக்கு முன் மட்காட் ரப்பரில் செய்திருந்தார்கள்.

பத்து லட்சம் தாண்டியதைக் கொண்டாட, வெளிர் ஊதா நிறத்தில் வெள்ளைத் தோல் இருக்கைகளுடன் சுமார் 350 கார்கள் செய்தார்கள். பக்கவாட்டில் 1000 என்பதற்குப் பதில் 1000000 என்றிருக்கும். ஊதா பெயின்ட் அடித்தால் மட்டும் அது ஆகிவிடாது என்று விற்பவர்களிடம் சொல்லிப் பார்த்துவிட்டேன். சலூன் 1970இல் நின்றது, டிரவலர் 1971இல்.

தமிழ்நாட்டு நண்பர்கள் அடிக்கடி குழப்பிக்கொள்வதால் ஒன்று: அம்பாசடரின் மூலம் மைனர் அல்ல, அதைவிடப் பெரிய காரான மொறிஸ் ஆக்ஸ்ஃபோர்ட் சீரீஸ் 3.

சரி, அப்பப்பாவின் கார். பத்திரத்தில் 1959. எஞ்சின் 1098. பின் விளக்குகள் அறுபதுகளின் பெரிய ஆரஞ்சு வகை. ஸ்டீயரிங் வேறெதிலிருந்தோ வந்தது. தொண்ணூறுகளில் போர்க்காலப் பெற்றோல் தடையின்போது, சிறு குழாயில் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் செய்து மண்ணெண்ணெயில் ஓடிய வண்டி. கிடைத்ததைப் பூட்டித்தான் அதை உயிரோடு வைத்திருந்தார்கள். 1963 மொடல், பத்திரம் வேறு காருடையது என்று அப்பா அடித்துச் சொன்னார். நான் கண்ணாடியையும் கிரில்லையும் காட்டிப் பத்திரத்தின் பக்கம் பேசினேன், ஆனால் அந்த இரண்டும் 1963க்கும் பொருந்தும்.

பெயின்ட் அடிக்கச் சுரண்டியபோது கதவுத்தூணில் நீளமாகப் பட்டி பூசியிருந்தது தெரிந்தது. தட்டினோம், உள்ளே தகரம். தகரத்தைப் பெயர்த்தால் வலப்பக்கக் கை சிக்னல் அப்படியே கிடக்கிறது. பட்டறி வயர் கொடுத்துப் பார்த்தோம். எழும்பியது. திரும்ப மடங்கத்தான் மாட்டேன் என்றது. அப்பா தூணில் ஓங்கி ஒரு குத்து விட்டார், உள்ளே போய்விட்டது. அப்பப்பாவும் அப்படித்தான் குத்துவாராம்.