முதல் கான்ஃபரன்ஸுக்குக் கிளம்புகிறவர்களின் கேள்விகள்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதி பணத்தைப் பற்றியவை, மீதி பயத்தைப் பற்றியவை. இரண்டையும் கலந்தே எடுத்திருக்கிறேன்.

மேடம், நான் பிஎச்டி இரண்டாம் வருடம். "மாண்புமிகு அறிஞரே" என்று தொடங்கி, வெளிநாட்டு மாநாட்டில் சிறப்புப் பேச்சாளராக வரச்சொல்லி மெயில் வந்திருக்கிறது. பதிவுக் கட்டணத்தை மட்டும் நான் கட்ட வேண்டுமாம். போகலாமா?

வேண்டாம். சிறப்புப் பேச்சாளராகக் கூப்பிடுகிறவர் உங்களிடம் கட்டணம் கேட்கமாட்டார். இரண்டாம் வருட மாணவரை மாண்புமிகு அறிஞர் என்கிறவர் உங்கள் ஆய்வில் ஒரு வரிகூடப் படித்திருக்கவும் மாட்டார். 2016இல் நியூசிலாந்துப் பேராசிரியர் ஒருவர், தனக்குச் சம்பந்தமே இல்லாத அணு இயற்பியல் மாநாடு ஒன்றிலிருந்து இப்படி அழைப்பு வந்ததும், ஐபோனில் 'அணு' என்று ஆங்கிலத்தில் தட்டிவிட்டு, அடுத்தடுத்த சொற்களை போனே தேர்ந்தெடுக்க விட்டு ஓர் ஆய்வுச் சுருக்கத்தை அனுப்பிவைத்தார். தலையும் இல்லை வாலும் இல்லை. மூன்று மணி நேரத்தில் ஏற்றுக்கொண்டுவிட்டார்கள், கட்டணம் 1,099 டாலர். நம் பக்கத்திலேயே, ஹைதராபாத்தை மையமாகக் கொண்டு ஆய்விதழ்களும் மாநாடுகளும் நடத்தும் ஓமிக்ஸ் குழுமம் 5 கோடி டாலருக்கு மேல் கட்ட வேண்டும் என்று 2019இல் அமெரிக்க நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வராத அறிஞர்களை வருவதாக விளம்பரம் செய்ததும் குற்றச்சாட்டுகளில் ஒன்று. சந்தேகம் இருந்தால், அமைப்புக் குழுவில் பெயர் போட்டிருக்கும் யாராவது ஒருவருக்கு அவருடைய பல்கலைக்கழக முகவரியிலேயே எழுதிக் கேளுங்கள். தன் பெயர் அங்கே இருப்பதே பல பேருக்குத் தெரிந்திருக்காது.

வாய்மொழிப் பேச்சுக்கு விண்ணப்பித்தேன், போஸ்டர்தான் கொடுத்தார்கள். போவது வீண்தானே?

உங்கள் கைடு அப்படிச் சொன்னாரா, நீங்களே முடிவு செய்துகொண்டீர்களா? அமெரிக்க இயற்பியல் கழகத்தின் பெரிய ஆண்டுக் கூட்டத்தில் பேச வருகிறவருக்கு வழக்கமாகக் கிடைப்பது 10 நிமிடப் பேச்சு, 2 நிமிடக் கேள்வி, அவ்வளவுதான். அடுத்தவர் மைக்கை வாங்கிக்கொள்வார். போஸ்டர் என்றால், ஆய்வை ஒரே தாளில் அச்சிட்டுப் பலகையில் மாட்டி அதன் முன்னால் ஒன்றரை மணி நேரம் நிற்கலாம், எதிரே இருப்பவர் புருவத்தைச் சுருக்கினால் அங்கேயே நிறுத்தி வேறு மாதிரி சொல்லிப் பார்க்கலாம். தங்கள் ஆய்வில் இருந்த ஓட்டையை போஸ்டர் முன்னால் நின்றபோது கண்டுபிடித்தவர்கள் நிறைய. நானும் ஒருத்தி.

ஆனால் ஒழுங்காகத் தயாரிக்க வேண்டும். 'அலையாத்தி வேர்மண் பாக்டீரியாக்கள் பற்றிய ஓர் ஆய்வு' என்று தலைப்பு வைத்தால் எல்லோரும் காபியைத் தேடிக்கொண்டு உங்களைக் கடந்து போய்விடுவார்கள். 'உப்பு கூடினால் இந்தப் பாக்டீரியா நைட்ரஜன் பிடிப்பது குறைகிறது' என்று கண்டுபிடித்ததையே தலைப்பாகப் போடுங்கள், நாலு பேராவது நிற்பார்கள். உங்கள் ஆய்வை இரண்டு நிமிடக் கதையாக வாய்விட்டுச் சொல்லிப் பழகிக்கொள்ளுங்கள். கடைசியாக, பலகை நிற்கிறதா படுத்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு பிரிண்ட் எடுங்கள். ஏ0 தாள் 84.1 செ.மீ.க்கு 118.9 செ.மீ. என் முதல் போஸ்டரை நான் படுக்கைவாக்கில் அடித்துக்கொண்டு போனேன், பலகை நெட்டுவாக்கில் நின்றது. இரண்டு ஓரத்தையும் பின்பக்கம் மடித்து ஊசி குத்தியதில் என் பெயரும் முடிவுரையும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தன.

அரங்கில் கேள்வி கேட்க வாயே வருவதில்லை, மேடம். ஆண்கள்தான் மாறி மாறிக் கேட்கிறார்கள்.

உங்கள் பிரமை இல்லை. 2018இல் வெளியான ஓர் ஆய்வில் 10 நாடுகளில் இருநூற்றுச் சொச்சம் கருத்தரங்குகளைக் கவனித்தார்கள். அரங்கில் இருந்த பெண்களின் எண்ணிக்கையைக் கணக்கில் எடுத்த பிறகும் அவர்கள் கேட்ட கேள்விகள் குறைவு. முதல் கேள்வியை ஓர் ஆண் கேட்டுவிட்டால் இடைவெளி இன்னும் கூடியது. ஆகவே முதலில் கையைத் தூக்குங்கள். பேச்சு நடக்கும்போதே கேள்வியை நோட்டில் முழு வாக்கியமாக எழுதி வையுங்கள், அப்படியே பார்த்து வாசித்தாலும் யாரும் சிரிக்கமாட்டார்கள். பின்னால் ஒருநாள் அமர்வுத் தலைவராகி, யார் கேள்வி கேட்பது என்பது உங்கள் கைக்கு வந்தால், முதல் வாய்ப்பைப் பின்வரிசை மாணவிக்குக் கொடுத்துப் பாருங்கள்.

ஒரு பெரிய விஞ்ஞானி வருகிறார். அவரிடம் போஸ்ட்டாக் (பிஎச்டிக்குப் பிந்தைய ஆய்வு வேலை) கேட்கலாமா?

முதல் வாக்கியத்திலேயே கேட்காதீர்கள். இரண்டு வாரம் முன்பே நாலு வரியில் மெயில் போட்டு, தேநீர் இடைவேளையில் பத்து நிமிடம் கேளுங்கள். அதைவிட முக்கியம், அவருக்குப் பின்னால் பையைத் தூக்கிக்கொண்டு நிற்கும் அவருடைய மாணவரோடு சாப்பிட உட்காருங்கள். அந்த லேபில் ராத்திரி எத்தனை மணிக்கு விளக்கு அணைகிறது என்பதை அவர்தான் சொல்வார்.

ஜெர்மனி மாநாட்டுக்குச் செலவுக்கு எங்கே போவது? விசா?

முதலில் மாநாட்டுக்காரர்களிடமே மாணவர் உதவித்தொகையும் கட்டணச் சலுகையும் கேளுங்கள், கேட்காததால் பல பேர் இழக்கிறார்கள். அப்புறம் மத்திய அரசின் ஆய்வு நிதி அமைப்புகள்: முன்பு செர்ப் நடத்திய பயண உதவித் திட்டம், இப்போது அதன் இடத்தில் வந்த ஏஎன்ஆர்எஃப் கையில் இருக்கிறது, சிஎஸ்ஐஆரையும் பாருங்கள். ஜெர்மனி உட்படப் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். பரிசீலனைக்கு 15 நாள் என்று சொன்னாலும், நேர்காணல் தேதி கிடைப்பதே பெரும்பாடு என்பதால் ஏற்புக் கடிதம் வந்த அன்றே வேலையைத் தொடங்குங்கள். போர்டிங் பாஸைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள், கணக்குக் காட்டும்போது ஆடிட் பிரிவு அதைத்தான் முதலில் கேட்கும்.

கோட்டு சூட்டு தைக்கணுமா சார்?

மேடம். வேண்டாம். கால் கடிக்காத செருப்பும், ஏசி அரங்குக்கு ஒரு ஸ்வெட்டரும் எடுத்துக்கொள்ளுங்கள்.