மத்திய தரைக்கடல் கப்பல் பயணம்: பிள்ளைகளோடு போகிறவர்கள் எதைப் பார்த்து முன்பதிவு செய்ய வேண்டும்?

கேள்வி: நான்கு வயது, பத்து வயதுப் பிள்ளைகளோடு கோடை விடுமுறையில் மத்திய தரைக்கடலில் ஏழு இரவு பெரிய கப்பலில் போகலாம் என்றிருக்கிறோம். எந்தக் கப்பல் நல்லது? எதில் கவனமாக இருக்க வேண்டும்?

கப்பலை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். ஐயாயிரம் பேர் ஏறும் கப்பல் எதுவானாலும் நீச்சல் குளம், தண்ணீர்ச் சறுக்கு, கிட்ஸ் கிளப், இரவு நிகழ்ச்சி அரங்கு எல்லாம் இருக்கும். முதலில் பார்க்க வேண்டியது வழித்தடம். அதிலும், கப்பல் உண்மையில் எந்த ஊரில் நிற்கும் என்பதுதான் முக்கியம். விளம்பரத்தில் ‘ரோம்’ என்று போட்டிருப்பார்கள். கப்பல் நிற்பது சிவிட்டாவெக்கியாவில். அங்கிருந்து ரோம் எழுபது கிலோமீட்டருக்கு மேல். ‘ஃபுளோரன்ஸ்’ என்றால் லிவோர்னோ அல்லது லா ஸ்பெசியா. போகவே ஒன்றரை, இரண்டு மணி நேரம் ஆகும். ‘வெனிஸ்’ என்று போட்டிருந்தால் இன்னும் கவனம் தேவை. 25,000 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்கள் வெனிஸ் நகரின் முகப்புக் கால்வாய் வழியே போக 2021 ஆகஸ்ட் 1 முதல் தடை இருக்கிறது. அதனால் பல பெரிய கப்பல்கள் ரவென்னாவிலோ திரியெஸ்தேயிலோ நிற்கின்றன. அங்கிருந்து வெனிஸ் போய்த் திரும்புவதிலேயே பாதி நாள் போய்விடும்.

இறங்கி நடந்தாலே ஊர் வந்துவிடும் துறைமுகங்களும் உண்டு: நேப்பிள்ஸ், பலெர்மோ, ஜெனோவா, மால்டாவின் வலெட்டா. நான்கு வயதுக் குழந்தை இருந்தால் இவற்றில் குறைந்தது இரண்டு துறைமுகங்கள் வரும் வழித்தடமாகத் தேடுங்கள். ஜெனோவாவில் கப்பலிலிருந்து அரை மணிக்குள் நடந்து பெரிய மீன்காட்சியகத்துக்குப் போய்விடலாம். வலெட்டாவில் கோட்டைச் சுவரை ஒட்டியே லிஃப்ட் இருக்கிறது. அது 58 மீட்டர் மேலே தோட்டத்தில் கொண்டுபோய் விடும். பகல் பன்னிரண்டுக்கு அங்கே பீரங்கி வெடிப்பதைப் பிள்ளைகள் பார்க்கலாம்.

ரோம் போயே ஆக வேண்டுமென்றால் இப்படிச் செய்யுங்கள். துறைமுகத்துக்குள் நடக்க விட மாட்டார்கள். இலவசப் பேருந்து லார்கோ தெல்லா பாச்சே என்ற இடத்தில் இறக்கிவிடும். அங்கிருந்து ரயில் நிலையத்துக்கு இன்னொரு பேருந்து, அல்லது இருபது நிமிட நடை. ரயிலில் கடைசி நிலையமான தெர்மினி வரை போகாமல், ரோமா சான் பியேத்ரோவில் இறங்கினால் வத்திக்கான் பக்கம். காகிதப் பயணச்சீட்டு என்றால் ஏறுவதற்கு முன் நடைமேடையில் உள்ள இயந்திரத்தில் முத்திரை குத்துங்கள், மறந்தால் அபராதம். மொத்தத்தில் ஒரு வழிக்கு இரண்டு மணி நேரம் என்று கணக்கு வையுங்கள். காலை ஏழுக்கு வந்து மாலை ஏழுக்குக் கிளம்பும் கப்பல் என்றால், ரோமில் கையில் இருப்பது ஐந்தாறு மணி நேரம்தான். அதில் ஓரிடத்தைப் பார்த்தால் போதும். வத்திக்கான் அருங்காட்சியகம் மாதத்தின் கடைசி ஞாயிறு தவிர மற்ற ஞாயிறுகளில் மூடியிருக்கும் என்பதால், உங்கள் கப்பல் எந்தக் கிழமை வருகிறது என்று முன்பதிவுக்கு முன்பே பாருங்கள். இத்தாலியில் ரயில் வேலைநிறுத்தம் அடிக்கடி நடக்கும். முன்கூட்டியே அறிவித்துவிடுவார்கள், அதையும் முந்தின வாரம் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

நேப்பிள்ஸிலிருந்து, எரிமலைச் சாம்பலில் புதைந்துபோன பழைய ரோமானிய ஊரான பாம்பெய்க்குப் போவது இதைவிட எளிது. முனிசிப்பியோ மெட்ரோவில் ஏறி கரிபால்டி, அங்கிருந்து சிர்க்கும்வெசுவியானா ரயிலில் நாற்பது நிமிடத்தில் பாம்பெய் ஸ்காவி. 2024 நவம்பர் முதல் ஒரு நாளைக்கு 20,000 பேர் மட்டுமே அனுமதி, சீட்டும் பெயர் போட்டதுதான். பாஸ்போர்ட் நகலை வைத்துக்கொள்ளுங்கள். பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கட்டணமில்லை, ஆனாலும் சீட்டு எடுக்க வேண்டும். தெருக்களில் பாவியிருப்பது பெரிய எரிமலைக் கற்கள், அவற்றில் வண்டிச் சக்கரம் தேய்த்த பள்ளங்கள், குறுக்கே முழங்கால் உயரத்தில் தாண்டு கற்கள். குழந்தைத் தள்ளுவண்டியின் சின்னச் சக்கரம் இதில் ஓடாது. வண்டி கொண்டுபோனால் அம்ஃபிதியாத்ரோ சதுக்க வாசலில் நுழையுங்கள். சக்கர நாற்காலிக்காக அமைத்த சமதளப் பாதை அங்கே தொடங்குகிறது. நிழல் கிடையாது. ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீரும் தொப்பியும் கட்டாயம்.

எந்த மாதம் என்று கேட்டால், தமிழ்நாட்டிலிருந்து போகிறவர்களுக்கு மே மாதம் ஒரு வரம். நம் பள்ளிகள் மூடியிருக்கும், ஐரோப்பியப் பள்ளிகள் நடந்துகொண்டிருக்கும். கட்டணம் குறைவு, கிட்ஸ் கிளப்பில் நெரிசல் இல்லை, வெயில் தாங்கும். கடல் தண்ணீர் மட்டும் குளிராக இருக்கும். கடலில் குளிப்பதுதான் ஆசை என்றால் ஜூலை, ஆகஸ்ட். அப்போது ரோமில் 35 டிகிரி சாதாரணம். கிரேக்கத் தீவுகளில் அந்த மாதங்களில் மெல்தெமி என்ற வடகாற்று பலமாக வீசும். சாண்டோரினியில் கப்பல் கரையில் கட்டாது, படகில்தான் இறக்குவார்கள். காற்று மிஞ்சினால் அந்த நிறுத்தத்தையே விட்டுவிட்டுப் போய்விடுவார்கள்.

மே பயணத்துக்கு விசா வேலையை நவம்பரிலேயே தொடங்கலாம், ஷெங்கன் விசாவுக்கு (ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான விசா) ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்க முடியும். எந்த நாட்டில் விண்ணப்பிப்பது என்ற குழப்பம் வராமல் இருக்க, ஏறுவது, இறங்குவது, அதிக நாள் நிற்பது மூன்றும் ஒரே நாடாக அமையும் பயணத்தைத் தேர்ந்தெடுங்கள். ஜெனோவாவில் ஏறி இறங்கி, நடுவில் மூன்று இத்தாலியத் துறைமுகங்கள் என்றால் கேள்வியே எழாது. வழியில் துருக்கியோ துனிசியாவோ மாண்டினீக்ரோவோ இருந்தால் ஷெங்கனை விட்டு வெளியே போய்த் திரும்புகிறீர்கள். பலமுறை நுழையும் விசா தேவை. ஒருமுறை விசாவை வைத்துக்கொண்டு போனால் ஏறும் இடத்திலேயே நிறுத்திவிடுவார்கள்.

நால்வருக்கு ஒரே கேபின் என்றால் இரண்டு கட்டில், மேலே மடக்கி இறக்கும் இரண்டு படுக்கை. பெட்டி வைத்தால் நடக்க இடமிருக்காது. நால்வர் கேபின்கள் சீக்கிரம் தீர்ந்துவிடும். கேபின் காலியாக இருந்தாலும், அந்தப் பகுதிக்கான உயிர்காப்புப் படகில் இடம் நிரம்பிவிட்டால் மூன்றாவது, நான்காவது ஆளைச் சேர்க்க மாட்டார்கள். நடுவில் கதவு உள்ள இரண்டு கேபின் எடுக்க முடிந்தால் அதுதான் நிம்மதி. பால்கனி எடுத்தால் நாற்காலி, மேசையைக் கைப்பிடிக் கம்பியை ஒட்டிப் போடாதீர்கள். அதில் ஏறிவிட்டால் நான்கு வயதுக்குக் கம்பி உயரமே இல்லை. கிட்ஸ் கிளப்பில் பொதுவாக மூன்று வயதிலிருந்து சேர்ப்பார்கள், டயப்பர் போடாத பிள்ளையாக இருக்க வேண்டும். டயப்பரோடு நீச்சல் குளத்தில் இறங்கவும் அனுமதியில்லை.

‘பிள்ளைகளுக்கு இலவசம்’ என்பது கேபின் கட்டணத்துக்கு மட்டும். துறைமுக வரி தனி, ஒவ்வோர் இரவுக்கும் சேவைக் கட்டணம் தனி. இத்தாலிய நிறுவனக் கப்பல்களில் சாப்பாட்டு மேசையில் வைக்கும் பாட்டில் தண்ணீருக்கே காசு வாங்குவது உண்டு. இரவுச் சாப்பாடு இரண்டு பந்தி; இரண்டாவது பந்தி ஒன்பது மணிக்கு மேல் தொடங்கும், அதற்குள் சின்னப் பிள்ளை தூங்கிவிடும். முன்பதிவிலேயே முதல் பந்தி கேட்டு வாங்குங்கள். சைவம் என்றால் முன்பதிவில் குறிக்கச் சொல்லுங்கள். முதல் இரவே தலைமைப் பரிமாறுநரைப் பார்த்து மறுநாளுக்கு என்ன வேண்டும் என்று சொல்லிவைத்தால் செய்து தருவார்கள். கப்பல் சமையலறையில் இந்தியர்கள் பலர் வேலை செய்வதால் பருப்பு, சோறு கிடைப்பது கடினமில்லை. ரைஸ் குக்கர், கெட்டில், அயர்ன் பாக்ஸ் கொண்டுபோகாதீர்கள். தீ அபாயம் என்று எடுத்து வைத்துக்கொண்டு கடைசி நாளில்தான் தருவார்கள். சமைத்த உணவுக்கும் அனுமதியில்லை. பிரிக்காத பாக்கெட் தின்பண்டம், குழந்தை உணவு பரவாயில்லை.

கப்பல் கிளம்பியதும் எல்லாருடைய போனையும் ஏரோபிளேன் மோடில் போடுங்கள். நடுக்கடலில் போன் கப்பலின் செயற்கைக்கோள் நெட்வொர்க்கைப் பிடித்துக்கொள்ளும். நீங்கள் வாங்கிய ஐரோப்பிய ரோமிங் திட்டம் அங்கே செல்லாது, பில் மலைக்க வைக்கும்.

பாதுகாப்புப் பயிற்சியைத் தட்டிக்கழிக்காதீர்கள். 2012 ஜனவரி 13 அன்று கோஸ்டா கன்கார்டியா கப்பல் விபத்தில் 32 பேர் இறந்தார்கள். அன்று சிவிட்டாவெக்கியாவில் ஏறியவர்களுக்குப் பயிற்சி நடந்திருக்கவில்லை. அதன் பிறகுதான் கிளம்பும் முன்போ கிளம்பிய உடனேயோ பயிற்சி என்று விதியை மாற்றினார்கள். ஆபத்து வந்தால் நீங்கள் கூட வேண்டிய இடத்தைக் குறிக்கும் எழுத்துள்ள பட்டையைச் சின்னப் பிள்ளையின் கையில் கட்டுவார்கள், பயணம் முடியும் வரை கழற்றாதீர்கள். பிள்ளையின் அளவுக்கு உயிர்காப்பு உடை கேபினில் இருக்கிறதா என்று முதல் மாலையே பாருங்கள். இல்லையென்றால் கேட்டால் தருவார்கள்.

தனியாக ஊர் சுற்றப் போனால், கப்பல் ஏறச் சொன்ன கடைசி நேரத்துக்கு ஒன்றரை மணி முன்பே துறைமுகத்தில் இருங்கள். கப்பல் நிறுவனத்தின் சுற்றுலாப் பேருந்து தாமதமானால் காத்திருப்பார்கள், அல்லது அடுத்த துறைமுகத்துக்குக் கொண்டு சேர்ப்பார்கள். நீங்களாகப் போனால் காத்திருக்க மாட்டார்கள். இதே காரணத்தால், கப்பல் கிளம்பும் ஊருக்கு முந்தின நாளே போய்ச் சேருங்கள். இறங்கும் நாளில் காலை ஒன்பதுக்குள் வெளியே அனுப்பிவிடுவார்கள், பெட்டிகளை முந்தின இரவே கதவுக்கு வெளியே வைக்கச் சொல்வார்கள். மறுநாள் உடுத்தும் துணி, செருப்பு, மருந்து, பாஸ்போர்ட் எல்லாம் கைப்பையில் இருக்கட்டும். திரும்பும் விமானம் பகல் ஒரு மணிக்குப் பிறகு இருக்கும்படி எடுங்கள்.