மகள் தேர்ந்தெடுத்த துறை

கேள்வி: டாக்டர் ஐயா, என் மகள் மருத்துவப் படிப்பையும், இரண்டாண்டுப் பயிற்சியையும், ஓராண்டுக் கட்டாயச் சமூகப் பணியையும் முடித்துவிட்டாள். தொற்றுநோய் நிபுணராகிப் பால்வினை நோய்ச் சிகிச்சையில் பணியாற்றப் போவதாகச் சொல்கிறாள். கோவிலில் நாலு பேர் கேட்டால் என்ன சொல்வது என்று என் மாமியார் கவலைப்படுகிறார். இத்துறைக்கு எதிர்காலம் உண்டா?
— ஒரு தாய், சாட்ஸ்வொர்த்

பதில்: அம்மா, உயிர் காக்கும் மருத்துவம் என்று தயங்காமல் சொல்லச் சொல்லுங்கள். உலகிலேயே எச்.ஐ.வி. தொற்றுடன் வாழ்வோர் மிக அதிகமாக உள்ள நாடு நம் தென்னாப்பிரிக்கா. அதிலும் குவாசூலு-நட்டால் மாகாணம் சுமக்கும் பாரம் பெரிது. இத்துறைக்கு வேலை இல்லாமல் போகாது. போதிய மருத்துவர்கள் வரவேண்டுமே என்பதுதான் என் கவலை.

நம் டர்பனில் பேராசிரியர்கள் குரைஷா அப்துல் கரீமும் சலீம் அப்துல் கரீமும் தலைமையேற்ற காப்ரிசா எய்ட்ஸ் ஆய்வு மையத்தின் ஆய்வு, டெனோஃபோவிர் என்ற எச்.ஐ.வி. மருந்து கலந்த, பிறப்புறுப்பில் இடும் ஜெல் பெண்களுக்கு எச்.ஐ.வி. தொற்றுவதை 39 விழுக்காடு குறைத்ததாக 2010-இல் அறிவித்தது. பின்னர் நடந்த பெரிய ஆய்வில் அந்தப் பலன் உறுதிப்படவில்லை என்றாலும், ஆணின் சம்மதத்துக்குக் காத்திராமல் பெண் தன்னைக் காத்துக்கொள்ள வேண்டும் என்ற முயற்சி நிற்கவில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை லெனகாபவிர் என்ற எச்.ஐ.வி. தடுப்பு மருந்தின் ஊசி போட்டுக்கொண்ட 2,134 பெண்களில் ஒருவருக்குக்கூடத் தொற்று ஏற்படவில்லை என்று, தென்னாப்பிரிக்காவிலும் உகாண்டாவிலும் நடந்த ஆய்வு 2024-இல் தெரிவித்தது.

ஆனால் அன்றாட வேலை ஊசியோடு முடிவதில்லை. வயிற்று வலி என்று வரும் பெண், உடன் வந்த மாமியாரை வெளியே அமரச் சொன்ன பிறகே, எழுந்து போகும் நேரத்தில் உண்மையான தொல்லையைத் தாழ்ந்த குரலில் சொல்வார். அதைக் கேட்டு முகம் சுளிக்காமல், கணவரையும் சிகிச்சைக்கு வரச் சொல்லும் சீட்டை அந்தப் பெண்ணின் கையில் தந்து, அதைக் கணவரிடம் எப்படிச் சொல்லிக் கொடுப்பது என்பதையும் பேசி அனுப்ப வேண்டும். கணவர் மருந்து எடுக்காவிட்டால் அதே நோய் மறுபடியும் அந்தப் பெண்ணுக்கு வரும். அரசு கிளினிக்குகளில் அறிகுறியைப் பார்த்தே அன்றைக்கே மருந்து தருகிறார்கள். அது நல்ல ஏற்பாடுதான், எனினும் கிளமிடியா போன்ற பால்வினைத் தொற்று பல பெண்களிடம் எந்த அறிகுறியும் காட்டாமல் இருந்து, கருக்குழாயைப் பாழாக்கிக் குழந்தைப்பேற்றையே தடுத்துவிடக்கூடும். கர்ப்பிணிக்குச் சிபிலிஸ் என்ற பால்வினை நோய் இருப்பதைக் காலத்தோடு கண்டறிந்து பென்சாத்தின் பென்சிலின் ஊசி போட்டால் சிசுவைக் காப்பாற்றலாம். விட்டுவிட்டால் குழந்தை இறந்தே பிறக்கவும் கூடும். இவ்வளவு மலிவான, பழைய மருந்து இருந்தும் ஒரு சிசு இறப்பதை என்னால் ஏற்கவே முடிவதில்லை. உங்கள் மகள் போன்றவர்கள் வேண்டியிருப்பது இதற்காகத்தான்.

கேள்வி: தொற்றுநோய் மருத்துவமும் பொதுச் சுகாதார மருத்துவமும் ஒன்றா?
— மருத்துவ மாணவர், ஃபீனிக்ஸ்

பதில்: இல்லை, தம்பி. பொது மருத்துவத்தில் நான்காண்டுகள் பயின்று நிபுணரான பின், மேலும் இரண்டாண்டுகள் பயில்வது தொற்றுநோய்ப் பிரிவு. பொதுச் சுகாதாரம் தனியான நான்காண்டு நிபுணத்துவம். முன்னவர் படுக்கையருகே நிற்கிறார்; பின்னவர், எந்த வட்டாரத்தில் நோய் கூடுகிறது, எந்தக் கிளினிக்கில் மருந்து தீர்ந்துபோகிறது என்பதைக் கணக்கெடுத்துத் திட்டம் வகுக்கிறார். பால்வினை நோய்ப் பணியில் இருவரும் ஒரே மேசையில் அமர வேண்டியிருக்கும். ஆகவே எதைத் தேர்ந்தாலும் மற்றதன் அடிப்படையைக் கற்றுக்கொள்ளுங்கள்.