கேளுங்க, சொல்றேன்: கருப்பு ஸ்கிரீன்ல சாட்

கேள்வி (ரங்கூன், காலேஜ் மாணவர்): அண்ணே, மாமா குடுத்த பழைய லேப்டாப்ல லினக்ஸ் போட்டிருக்கேன். பிரவுசரைத் திறந்தாலே தொங்கிடுது, நெட்டும் ரொம்ப ஸ்லோ. சென்னையில இருக்கற அக்காகூட டெர்மினல்லயே, அதான் கட்டளையை எழுத்தா அடிக்கற கருப்பு ஸ்கிரீன்லயே, சாட் பண்ணலாம்னு ஃபிரெண்ட் சொல்றான், நிஜமாவா?

பதில்: நிஜம்தான் தம்பி. நானே வருஷக்கணக்கா அப்படித்தான் பேசிட்டிருக்கேன். ஃபின்ச்னு ஒரு புரோகிராம் இருக்கு, பல சாட் அக்கவுண்டை ஒரே இடத்துல ஓட்டற பிட்ஜின் தெரியும்ல, அதே ஆளுங்க செஞ்சதுதான், உள்ள ஓடற எஞ்சினும் ஒண்ணுதான், படம் பட்டன் எல்லாத்தையும் எடுத்துட்டு வெறும் எழுத்தால கட்டம் போட்டு வச்சிருப்பாங்க. முன்னாடி கெய்ம்னு பேரு இருந்துச்சு, ஏஓஎல் கம்பெனியோட டிரேட்மார்க் தகராறு வந்து 2007ல பேரை மாத்தினாங்க, அப்போ டெர்மினல்ல ஓடறதுக்கு வச்ச பேருதான் ஃபின்ச்.

உங்க லினக்ஸ் டெபியன், உபுண்டு வகைன்னா 'சூடோ ஏப்ட் இன்ஸ்டால் ஃபின்ச்' அடிச்சா வந்துடும், அப்புறம் ஃபின்ச்னு மட்டும் அடிங்க. அக்கவுண்ட் சேக்கற கட்டம் வரும், டேப் அடிச்சு ஒவ்வொரு இடமா போங்க, புரோட்டோகால்ங்கற இடத்துல எக்ஸ்எம்பிபி எடுங்க, எந்த சர்வர்ல இருந்தும் பேசிக்கற பொதுவான சாட் முறை அது. அக்காவுக்கும் ஒரு எக்ஸ்எம்பிபி அக்கவுண்ட் வேணும், இலவசமா தர்ற சர்வர் நிறைய இருக்கு, அவங்க ஆண்ட்ராய்டு போன்ல கான்வர்சேஷன்ஸ் ஆப் போட்டுக்கிட்டா போதும், அவங்க கருப்பு ஸ்கிரீன் பக்கமே வர வேண்டாம். வாட்ஸப் மட்டும் ஃபின்ச்ல நேரா வராது, அதை முதல்லயே சொல்லிடறேன்.

சாவிங்களை மட்டும் மனசுல வச்சுக்கங்க. ஆல்ட் கூட ஏ அடிச்சா என்னென்ன செய்யலாம்னு மெனு வரும், ஆல்ட் என் அடுத்த விண்டோ, ஆல்ட் பி முந்தின விண்டோ, ஆல்ட் சி மூடறதுக்கு, ஆல்ட் க்யூ வெளிய வர்றதுக்கு. ரெண்டு நாள்ல விரல் தானா போகும்.

ஸ்லோ நெட்டைப் பத்தி கேட்டீங்க. யூனிகோட்ல ஒரு தமிழ் குறி அனுப்ப 3 பைட் ஆகும், அப்போ நூறு குறி உள்ள ஒரு வரி 300 பைட், மேல உறை மாதிரி கொஞ்சம் சேரும், அவ்வளவுதான். ஒரு போட்டோ போற நேரத்துல ஒரு நாள் பூரா பேசற பேச்சு போயிடும்.

கேள்வி (மோல்மீன், வாசகி): பிட்ஜின்ல இருந்த யாஹூ அக்கவுண்டை ஃபின்ச்ல போட்டா எரர் வருது. என்ன தப்பு பண்ணேன்?

பதில்: நீங்க ஒண்ணும் தப்பு பண்ணலம்மா. யாஹூ மெசஞ்சரை 2018 ஜூலையிலயே மூடிட்டாங்க, ஏஓஎல் மெசஞ்சர் அதுக்கு முந்தின வருஷம் டிசம்பர்ல போச்சு, ஐசிக்யூ 2024ல. புரோகிராம் நல்லாத்தான் இருக்கு, அந்தப் பக்கம் சர்வர்தான் இல்ல. ஒரு கம்பெனியை நம்பி இருந்ததெல்லாம் அந்தக் கம்பெனியோட போயிடுச்சு, எக்ஸ்எம்பிபியும், ஐஆர்சிங்கற பழைய குரூப் சாட் முறையும் யாருக்கும் சொந்தமில்லாததால இன்னும் ஓடுது, ஐஆர்சி 1988ல ஃபின்லாந்துல ஆரம்பிச்சது.

கேள்வி (பெகு, கடை வச்சிருக்கறவர்): பேசிட்டே இருக்கும்போது கரண்ட் போயிடுது. திரும்ப வந்து பாத்தா நடுவுல வந்தது எதுவும் இல்ல. வழி இருக்கா?

பதில்: இருக்குங்க ஐயா, எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயமே இதுதான். சாட் புரோகிராமை வீட்டு மெஷின்ல ஓட்டாதீங்க. வெளியூர்ல கரண்ட் போகாத இடத்துல சின்னதா ஒரு சர்வர் வாடகைக்கு எடுங்க, இல்ல தெரிஞ்சவங்க சர்வர்ல ஒரு அக்கவுண்ட் கேளுங்க, தூரத்து மெஷினுக்குள்ள போக வைக்கற எஸ்எஸ்ஹெச்ல உள்ள போய் டிமக்ஸ்னு அடிச்சு அதுக்குள்ள ஃபின்ச்சை ஓட்டுங்க, நாம விட்டுட்டுப் போனாலும் புரோகிராமை நிக்காம வச்சிருக்கறதுதான் டிமக்ஸ் வேலை. வீட்டுல கரண்ட் போனா உங்க ஸ்கிரீன்தான் அணையும், அங்க ஃபின்ச் பாட்டுக்கு ஓடிட்டே இருக்கும். திரும்ப வந்ததும் 'டிமக்ஸ் அட்டாச்'. நீங்களே கழட்டிட்டுப் போகணும்னா கண்ட்ரோல் பி அடிச்சுட்டு டி.

போன மழைக்காலத்துல ஒரு ராத்திரி தங்கச்சிகூட பேசிட்டிருந்தேன், அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில டெஸ்ட் எடுத்த நாள், ரிசல்ட் வந்துச்சான்னு கேட்டு எண்டர் தட்டினேன், பட்டுனு இருட்டு. மூணு மணி நேரம். அப்புறம் தெருவே 'மீ லாபீ', கரண்ட் வந்துடுச்சுன்னு பர்மிய மொழியில கத்துச்சு, லேப்டாப்பை ஆன் பண்ணி அட்டாச் அடிச்சேன், என் கேள்வி அங்கயே இருக்கு, கீழ அவ போட்ட நாலு வரி, கடைசி வரி 'எல்லாம் நார்மல், நீ தூங்கு'.

லைன் விட்டு விட்டு வர்ற ஊருன்னா எஸ்எஸ்ஹெச்சுக்கு பதிலா மோஷ் போடுங்க, நெட் போய் வந்தாலும் தானா ஒட்டிக்கும், எழுத்தும் அடிச்ச உடனே தெரியும்.

கேள்வி (தட்டோன், ஆசிரியை): டெர்மினல்ல 'கொ'ன்னு அடிச்சா கொம்பு தப்பான இடத்துல நிக்குது. அந்தப் பக்கமும் அப்படித்தான் போகுமா?

பதில்: இல்ல டீச்சர், அந்தப் பக்கம் சரியாத்தான் போகும். யூனிகோட்ல முதல்ல க, அப்புறம்தான் உயிர்க்குறி. டெர்மினல் கட்டம் கட்டமா எழுத்தை வைக்கும், ஒற்றைக்கொம்பைத் தூக்கி முன்னாடி வைக்கத் தெரியாத டெர்மினல்னா அப்படியே பின்னாடி போட்டுடும், கண்ணுக்குத்தான் கோளாறு. உங்களுக்கு இது புதுசு இல்ல, பர்மிய எழுத்துல முன்னாடி நிக்கற தவேதோ குறியும் இதே கதைதான், பழைய ஸாஜி ஃபான்ட்ல பாக்கற மாதிரியே முன்னாடி அடிச்சோம், யூனிகோட்ல மெய்யெழுத்துக்குப் பின்னாடி வருது, 2019 அக்டோபர் 1ல நாடே யூனிகோடுக்கு மாறினப்போ எத்தனை பேரு தடுமாறினோம். எம்எல்டெர்ம்ங்கற டெர்மினலைப் போட்டுப் பாருங்க, இந்திய எழுத்துக்குன்னே அதுல ஏற்பாடு இருக்கு. மெஷினோட லோக்கேல், அதான் மொழி செட்டிங், யூடிஎஃப் 8ல இருக்கான்னும் பாத்துக்கங்க, இல்லேன்னா வெறும் கேள்விக்குறியா வரும்.

கேள்வி (மண்டலே, வாசகர்): பாஸ்வேர்டை ஃபின்ச்லயே சேவ் பண்ணலாமா?

பதில்: உங்க சொந்த மெஷின், டிஸ்க்கையும் பூட்டி வச்சிருக்கீங்கன்னா சரி. மத்தவங்க தொடற மெஷின்ல வேண்டவே வேண்டாம். ஃபின்ச் அதை டாட் பர்ப்பிள் ஃபோல்டர்ல அக்கவுண்ட்ஸ்ங்கற ஃபைல்ல மறைக்காம அப்படியே எழுதி வைக்குது. ஒரு காலத்துல ஒரு டிரெய்னிங் சென்டர் கம்ப்யூட்டர்ல நான் சேவ் பண்ணிட்டு வந்தேன், மறுநாள் என் பேருல யாரோ என் சிநேகிதங்ககிட்ட பணம் கேட்டுட்டாங்க, எல்லார்கிட்டயும் விளக்கம் சொல்லி மாளல. பேசறது ரெண்டு பேருக்குள்ளயே பூட்டியிருக்கணும்னா ப்ரொஃபானிட்டின்னு இன்னொரு டெர்மினல் கிளையன்ட் பாருங்க, எக்ஸ்எம்பிபி மட்டும்தான் பேசும், ஆனா ஓமெமோ பூட்டு அதுல உண்டு, அந்தப் பக்கம் கான்வர்சேஷன்ஸ்லயும் உண்டு.